அண்டை ஊர்களின் கூட்டுச் சுகாதாரம்

இந்தியாவில் நகர ஐக்கிய நாணய சங்கங்களுள் முதன்முதலாகப் பதிவு செய்யப்பெற்றது 1904-ம் வருஷம் அக்டோபர் மாதத்தில் காஞ்சீபுரத்திலேயாம். அதே வருஷத்தில், அக்காலத்துச் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த திரூர் கிராமத்தில் விவசாயிகளின் நாணய சங்கம் ஒன்றும் ஏற்பட்டது. தனித்தனியே நின்றால் லேவாதேவிக்காரரின் திண்ணையில் காத்திருக்க வேண்டிய குடியானவரும் நெசவாளரும், ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று ஒன்றுகூடியதனால் நியாயமான வட்டிக்குக் கடன் பெறலாயினர். இதன் சூட்சுமம் சங்க அங்கத்தினர்க்கு எடுத்துரைக்க வேண்டியதன்று. ஆனால் தனி மனிதர்களுக்குப் பொருந்திய இந்த ஏற்பாடு ஊர்களுக்கும் பொருந்துமா, ஒரு நகரசபையும் அதனை அடுத்துள்ள கிராமப் பஞ்சாயத்துக்களும் கொசு, குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய் ஆகிய விஷயங்களில் கூட்டாகச் செலவு செய்து கூட்டாகப் பயனடைய முடியுமா என்பது அவ்வளவாக ஆலோசிக்கப்படாத விஷயம். காஞ்சீபுரத்தையும் அதன் சுற்றுப்புறத்தையும் உதாரணமாகக் கொண்டு அதனை இங்கே ஆராயலாம்.

காஞ்சீபுரம் நகரசபை 1866-ம் வருஷத்தில் ஏற்பட்டது. அது 2021-ல் மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது. நகரசபைக்கு எல்லைக்கல் உண்டு. பஞ்சாயத்துக்கும் எல்லைக்கல் உண்டு. நோய்க்கு மட்டும் அந்தக் கல் கண்ணில் படுவதில்லை. நகரின் மேற்குப் பக்கத்தில் தொடங்கி வீதிகளினூடே சென்று, திருக்காலிமேடு வழியாக நத்தப்பேட்டை ஏரியில் போய்ச் சேரும் மஞ்சள் நீர்க் கால்வாயை அவ்வூர்வாசிகள் யாவரும் அறிவர். பெயர் மங்களகரமானது, அதில் செல்வதோ வீடுகளின் சாக்கடை நீர். மழைநீரைக் கொண்டு சென்று ஏரியை நிரப்பும் பொருட்டு அமைந்த வழி, நகரம் பெருகப் பெருகக் கழிவுநீர் செல்லும் வழியாக மாறிவிட்டது. நத்தப்பேட்டை தனிப் பஞ்சாயத்தாக இருந்த காலத்தில், நகரத்தார் வெளியேற்றிய நீரைக் கிராமத்தார் தங்கள் ஏரியில் ஏற்றுக்கொண்டனர். கால்வாயைச் சுத்தம் செய்யும் பொறுப்பு ஒரு சபையினுடையது. ஏரிக்கரையில் வாழும் குடிகளின் சௌக்கியத்துக்குப் பொறுப்பாளி வேறொரு சபை. முந்தியதற்கு வருமானம் இருந்தது, தொந்தரவு இல்லை. பிந்தியதற்குத் தொந்தரவு இருந்தது, வருமானம் இல்லை. இத்தகைய இடங்களிலேதான் கூட்டு ஏற்பாட்டின் அவசியம் வெளிப்படுகிறது.

யானைக்கால் வியாதியை எடுத்துக்கொண்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். இவ்வியாதியின் கிருமி கொசுவின் மூலமே ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லுகிறது என்பதற்கு வழிகாட்டிய ஆராய்ச்சியை பாட்ரிக் மான்சன் என்ற வைத்தியர் 1877-ல் சீனதேசத்தில் செய்தார். அதனைப் பரப்பும் கியூலெக்ஸ் ஜாதிக் கொசு நல்ல நீரை நாடுவதில்லை; சாக்கடை, அழுக்குக் குட்டை, நிரம்பி வழியும் கழிவுத் தொட்டி இவையே அதற்கு உகந்த பிறப்பிடங்கள். காஞ்சீபுரம், பிள்ளையார்பாளையம் முதலிய நெசவாளர் வீதிகளில் தறிக்குழி உள்ள வீடுகள் நெருங்கி நிற்கின்றன. நெசவாளர் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மணிக்கணக்காக அமர்ந்து வேலை செய்பவர். வெளிச்சம் குறைந்த அறையில் அசையாது இருக்கும் கால்களைக் கொசு எளிதில் அடைகிறது. கால் வீங்கிவிட்டால் மிதியை மிதிப்பது எப்படி? நெசவாளர் குடும்பத்துக்கு இந்நோய் தேகத்தின் துன்பம் மட்டுமன்று, ஜீவனத்தின் நஷ்டமுமாம்.

இக்கொசு தான் பிறந்த இடத்தினின்று ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரம் வரை பறக்கவல்லது. முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, இறகு முளைத்துப் பறப்பதற்கு நம் நாட்டு வெப்பத்தில் எட்டுப் பத்து நாட்களே வேண்டும். ஆகையால்தான் கொசுப்புழுவைக் கொல்லும் மருந்தை வாரம் ஒருமுறை தவறாது தெளிக்க வேண்டுமென்பது விதி. நகரத்தின் ஆட்கள் திங்கட்கிழமைதோறும் தங்கள் எல்லைக்குள் ஒழுங்காகத் தெளிக்கின்றனர்; எல்லைக்கு அப்பால் 200 கஜ தூரத்தில் பஞ்சாயத்தைச் சேர்ந்த குட்டையில் மாதம் ஒருமுறையும் தெளிப்பவர் இல்லை என்று வைத்துக்கொள்வோம். நகரத்தார் செலவழித்த பணம் பாதி வீண். கிராமத்துக் கொசு நகரத்துக்கு வரும். நகரத்து நோயாளியைக் கடித்த கொசு கிராமத்துக்கும் போகும். இந்திய சர்க்கார் 1955-ல் தொடங்கிய தேசிய யானைக்கால் தடுப்புத் திட்டம் நெடுங்காலம் நகரங்களுக்குள்ளேயே நடைபெற்று வந்தது. சுற்றுப்புறக் கிராமங்கள் அதில் அடங்கவில்லை. பணமும் ஆளும் குறைவாயிருந்த நிலையில் நெருக்கமான இடத்தை முதலில் கவனித்தது தவறென்று சொல்ல முடியாது. எனினும் வேலி பாதிக் கொல்லைக்கு மட்டும் போட்டதுபோல அது ஆயிற்று. 2004 முதல் நோயுள்ள ஜில்லாக்களில் நகரம் கிராமம் என்ற பேதமின்றி வருஷம் ஒருமுறை யாவருக்கும் மாத்திரை கொடுக்கும் முறை தேசமெங்கும் வந்தபிறகே, எல்லைக்கல்லை மறந்து வேலை செய்யும் வழக்கம் இந்நோய் விஷயத்தில் ஏற்பட்டது. அம்மாத்திரையிலும் ஒரு பாடம் உண்டு. ஊரில் பெரும்பாலோர் விழுங்கினால்தான் கிருமியின் சங்கிலி அறும்; ஒரு தெருவார் மட்டும் விழுங்கி மறு தெருவார் மறுத்தால் பயன் குறையும்.

டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் கொசு வேறு ஜாதி. அது வீட்டுத் தொட்டியிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் பழைய டயரிலும் நிற்கும் தெளிந்த நீரில் பிறந்து, சில நூறு கஜத்துக்கு மேல் பெரும்பாலும் பறப்பதில்லை. அதனை அந்தந்தத் தெருவாரே ஒழிக்கலாம். அதற்குப் பெரிய கூட்டு ஏற்பாடு அவ்வளவு அவசியமன்று. எந்த நோய் எவ்வளவு தூரம் செல்லும் என்பதைப் பொறுத்தே எத்தனை ஊர்கள் சேர வேண்டும் என்பது நிர்ணயமாக வேண்டும். எல்லாவற்றிற்கும் கமிட்டி போடுவது, ஒன்றுக்கும் போடாமலிருப்பதைப் போலவே பயனற்றது.

குடிநீரைப் பற்றிச் சிறிது கூறுவது அவசியம். காஞ்சீபுரம் நகரம் அருந்தும் நீரில் ஒரு பகுதி பாலாற்று மணலிலிருந்து வருகிறது. ஓரிக்கையருகிலும், இராணிப்பேட்டை ஜில்லாவிலுள்ள திருப்பாற்கடலிலும் நீர் எடுக்கப்படுகிறது. அதாவது ஒரு நகரத்தின் தாகத்தைத் தீர்க்க வேறொரு ஜில்லாவின் ஆற்றுப்படுகை உதவுகிறது. அங்கே மணலை அளவுமீறி வாரினாலும், தோல் பதனிடும் சாலைகளின் கழிவை மேலே எங்கேனும் ஆற்றில் விட்டாலும், அதன் பலனைக் கீழே உள்ளவர் அனுபவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1971-ல் ஏற்பட்ட குடிநீர் வடிகால் வாரியம் நடத்திவரும் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள் பல, அண்டை ஸ்தல ஸ்தாபனங்கள் சேவையைப் பங்கிட்டுக்கொள்வதற்கு நல்ல உதாரணங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களில் நிலத்தடி நீரில் புளோரைடு என்ற உப்பு மிகுந்து, பற்கள் கறைபட்டு எலும்புகள் கோணிப் போனவர் பலர். எந்தத் தனிப் பஞ்சாயத்தும் தன் கிணற்றை எவ்வளவு ஆழமாக வெட்டினாலும் இக்குறை நீங்காது. 2013-ல் ஆரம்பிக்கப்பட்ட ஒகேனக்கல் திட்டம் காவிரி நீரை அவ்விரு ஜில்லாக்களின் நகரங்களுக்கும் கிராமங்களுக்கும் ஒருங்கே கொண்டு சேர்க்கிறது.

இத்திட்டங்களிலும் ஒரு பலவீனமான கண்ணி உண்டு. வாரியம் நீரைச் சுத்தம் செய்து ஊரின் தொட்டி வரை கொண்டுவந்து அளந்து விடுகிறது. அதற்கப்பால் குழாய்களில் விநியோகிப்பது பஞ்சாயத்தின் வேலை. குழாயின் கடைசி முனையிலும் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீந்திருக்க வேண்டுமென்பது நியதி. தொட்டி வரை சரியாக இருந்த நீர், தெருக்குழாயில் குளோரின் இன்றி வருமாயின் குற்றம் யாருடையது? வாரியம் பஞ்சாயத்தைக் காட்டும். பஞ்சாயத்து வாரியத்தைக் காட்டும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். ஆதலால் கூட்டு ஏற்பாடு எதுவாயினும், ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு வேலை மாறும் இடத்தை எழுத்தில் குறிப்பிட்டு, அவ்விடத்தில் தினந்தோறும் சோதித்துப் பார்ப்பவர் இன்னாரென்று பெயரிட்டு வைப்பது முக்கியமாகும்.

சிறிய பஞ்சாயத்துக்கள் தனியே செய்ய இயலாத வேலைகள் சில உண்டு. தேர்ந்த சுகாதார அதிகாரியை நியமிப்பது, நீரையும் உணவுப் பண்டங்களையும் சோதிக்கும் ரசாயனசாலை வைப்பது, தொற்றுநோயாளரைத் தனியே வைத்துப் பராமரிக்கும் இடம் அமைப்பது ஆகியவை அவ்வகையின. 3,000 ஜனங்களுள்ள ஊர் ஒரு ரசாயனசாலையை நடத்த முற்பட்டால், அதன் வரி முழுவதும் கண்ணாடிக் குப்பிகளுக்கே போதாது. கிண்டியில் 1899-ல் ஏற்பட்ட கிங் இன்ஸ்டிடியூட் இதற்கு நல்ல விடையாக அமைந்தது. அம்மை குத்துவதற்கான பால் அங்கே தயாராகி மாகாணமெங்கும் சென்றது. ஒவ்வொரு நகரசபையும் தனித்தனியே கன்றுக்குட்டி வளர்த்து அம்மைப்பால் எடுக்க வேண்டியிருந்தால், அம்மை குத்துதல் மாகாணத்தின் மூலை முடுக்குகளுக்கு ஒருபோதும் எட்டியிராது. பெரியம்மை 1980-ல் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டதற்கு இத்தகைய பொதுச் சாலைகளும் ஒரு காரணமாகும்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா என்று கேட்பவர் உண்டு. வெகுகாலமாகவே கொடுத்து வந்திருக்கிறது. 1920-ம் வருஷத்திய மதராஸ் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டத்தில், ஒரு முனிசிபாலிடி மற்ற ஸ்தல ஸ்தாபனத்தோடு சேர்ந்து, இருவருக்கும் பொறுப்புள்ள காரியங்களுக்காகக் கூட்டுக் கமிட்டி அமைத்துக்கொள்ள வழி செய்யப்பட்டிருந்தது. 1939-ம் வருஷத்திய மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் இவ்விஷயத்தில் முழுமையாக இயற்றப்பட்ட முதற் சட்டமாகக் கருதப்படுகிறது. குடிநீர், சாக்கடை, கொசு ஒழிப்பு, தொற்றுநோய், சந்தை, திருவிழா இவை ஒவ்வொன்றையும் அது தனித்தனியே எடுத்துக்கொண்டு பேசுகிறது. சர்க்கார் மானியம் நீங்கலாகத் தன் வருமானத்தில் நூற்றுக்கு முப்பதுக்குக் குறையாமல் முனிசிபாலிடி சுகாதாரத்துக்கென ஒதுக்க வேண்டுமென்றும், ஜில்லா போர்டு நூற்றுக்குப் பன்னிரண்டரைக்குக் குறையாமல் ஒதுக்க வேண்டுமென்றும் அச்சட்டம் விதித்தது. நகரத்துக்கு முப்பது, கிராமங்களைப் பரிபாலித்த போர்டுக்குப் பன்னிரண்டரை என்ற வித்தியாசத்தைச் சங்கக் கணக்குப் பார்த்துப் பழகியவர்கள் கவனிப்பார்களாக. போர்டுக்கு ரஸ்தா, பாலம் முதலிய வேறு செலவுகள் மிகுதி என்பது உண்மையே. எனினும் கிராமத்தானின் சௌக்கியத்துக்கென ஒதுக்கிய பங்கு ஆரம்பத்திலேயே மெலிந்திருந்தது என்பதும் உண்மையே.

ஜில்லா போர்டுகள் 1958-ம் வருஷத்துப் பஞ்சாயத்துச் சட்டத்தின் பின் மறைந்தன. அவற்றின் இடத்தில் ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. ஒன்றியம் என்ற சொல்லே பல கிராமங்கள் ஒன்றியிருப்பதைக் காட்டுகிறது; ஆரம்ப சுகாதார நிலையத்தைப் பல கிராமங்கள் பொதுவாக அனுபவிக்கின்றன. சமவெளியில் 30,000 ஜனங்களுக்கு ஒரு நிலையமும் 5,000 ஜனங்களுக்கு ஒரு துணை நிலையமும் என்பது கணக்கு. கிராமங்களுக்குள்ளே பங்கீடு இவ்வாறு ஓரளவு நிலைபெற்றுவிட்டது. நகரத்துக்கும் கிராமத்துக்கும் நடுவேதான் பிளவு. நகரத்தின் சுகாதார ஊழியர் நகராட்சி நிர்வாகத்தின் கீழும், கிராமத்தின் சுகாதார ஊழியர் பொதுச் சுகாதார இலாகாவின் கீழும் வேலை செய்கின்றனர். ஒரே சாலையின் இரு பக்கத்திலும் இரு வேறு மேலதிகாரிகளுக்கு அறிக்கை எழுதும் இரு இன்ஸ்பெக்டர்கள் இருப்பர். 1992-ல் நிறைவேறிய அரசியல் சட்டத் திருத்தம் இதனைக் கருதியே ஜில்லாதோறும் திட்டக்குழு ஒன்று இருக்க வேண்டுமென்றும், பஞ்சாயத்துக்களுக்கும் முனிசிபாலிடிகளுக்கும் பொதுவான காரியங்களையும், நீர் முதலியவற்றைப் பங்கிட்டுக்கொள்வதையும் அது ஆலோசிக்க வேண்டுமென்றும் கூறிற்று. ஏட்டில் இருப்பது இது.

காஞ்சீபுரத்தில் கூட்டு உழைப்பு கண்கூடாக விளங்குவது திருவிழாக்களிலேயாம். வைகாசி மாதத்தில் வரதராஜப் பெருமாள் கோயில் கருட சேவைக்கும், பங்குனியில் ஏகாம்பரநாதர் உற்சவத்துக்கும் சுற்றுவட்டாரம் முழுவதும் திரண்டு வரும். வைகாசியோ கடுங்கோடை, நீர் வற்றும் காலம். முற்காலத்தில் இத்தகைய கூட்டங்களில் வாந்திபேதி தோன்றினால், யாத்திரிகர் அதனை மூட்டையோடு கட்டிக்கொண்டு தத்தம் கிராமத்துக்குச் சென்று விதைத்துவிடுவது வழக்கம். ஆகவே திருவிழாவின் சுகாதாரச் செலவு கோயிலுள்ள ஊரின் தலையில் மட்டும் விழுவது நியாயமன்று; அதனால் காக்கப்படுவது ஐம்பது மைலுக்கு அப்பாலுள்ள கிராமமுமாகும்.

2019-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி முதல் ஆகஸ்டு 17-ந் தேதி வரை 48 நாட்கள் நடைபெற்ற அத்திவரதர் வைபவம் இதற்குப் பெரியதொரு பரீட்சையாயிற்று. திருக்குளத்தினுள் இருக்கும் மூர்த்தி நாற்பது வருஷங்களுக்கு ஒருமுறை வெளியே எழுந்தருளுகிறார். அதற்கு முன் நடந்தது 1979-ல். ஒரு கோடிக்கு மேற்பட்டவர் வந்து தரிசித்ததாக மதிப்பிடப்பட்டது. அப்போது காஞ்சீபுரம் நகரசபையாகவே இருந்தது. தன் ஊழியர்களைக் கொண்டு மட்டும் இவ்வளவு கூட்டத்தின் எச்சில் இலையையும் மலஜலத்தையும் அகற்ற எந்த நகரசபையாலும் ஆகாது. பிற நகராட்சிகளிலிருந்தும் பேரூராட்சிகளிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். வைத்திய முகாம்களும் ஆம்புலன்ஸ் வண்டிகளும் நிறுத்தப்பட்டன. கூட்ட நெரிசலில் உயிர்ச்சேதம் நேர்ந்தது துக்ககரமானது. ஆயினும் அந்நாட்களில் பெருங்கொள்ளை நோய் கிளம்பாதது சாதாரண விஷயமன்று. அப்பெருமையில் பெரும்பங்கு, பிற ஊர்களிலிருந்து வந்து வீதிகளில் விளக்குமாறு பிடித்தவர்களுக்கு உரியது. இவ்வாறு ஆள் அனுப்பும் வேளையில் அனுப்பிய ஊர்களின் குப்பை என்னவாயிற்று என்ற கேள்வியும் கேட்கத்தக்கதே. 48 நாட்களுக்கு ஆளை இரவல் கொடுக்கும் சிற்றூர், தன் வீதியை அத்தனை நாட்களுக்கு யாரைக் கொண்டு பெருக்கும் என்பதை முன்னதாகவே ஏற்பாடு செய்யாவிடில், ஒரு ஊரின் சுத்தம் மற்றொரு ஊரின் அசுத்தமாக மாறும்.

இனிச் செலவைப் பங்கிடும் முறையைக் கவனிப்போம். கூட்டு ஏற்பாடுகள் முறிவது பெரும்பாலும் இவ்விடத்திலேயாம். ஒரு நகரப் பகுதியும் இரண்டு பஞ்சாயத்துக்களும் சேர்ந்து கொசு ஒழிப்புக் கோஷ்டி ஒன்றை வைத்துக்கொள்வதாக ஒரு கற்பனைக் கணக்குப் போடலாம். ஜனத்தொகை முறையே 12,000, 5,000, 3,000; வருஷச் செலவு 6,00,000 ரூபாய் என்க. சமமாகப் பங்கிட்டால் தலைக்கு 2,00,000 ரூபாய். பார்வைக்குச் சமத்துவம், ஆனால் நகரவாசி ஒருவருக்குச் சுமார் 17 ரூபாயும் சிற்றூர்வாசி ஒருவருக்குச் சுமார் 67 ரூபாயும் விழுகிறது. இது ஏழையிடம் வாங்கிப் பணக்காரனுக்குக் கொடுப்பதாகும். ஜனத்தொகைப்படி பங்கிட்டால் நபருக்கு 30 ரூபாய் வீதம், 3,60,000, 1,50,000, 90,000 ரூபாய் ஆகும். இது முந்தியதைவிட மேல்.

வேறு சிலர், யாருக்கு எத்தனை நாள் வேலை நடந்ததோ அத்தனை நாளுக்கு அவர் கொடுப்பதே நியாயமென்பர். கோஷ்டி வருஷத்தில் 200 நாள் வேலை செய்கிறது. நாளொன்றுக்கு 3,000 ரூபாய். நகரத்தில் 60 நாள், இரண்டாவது ஊரில் 40 நாள், சிற்றூரில் 100 நாள் என்றால், சிற்றூர் 3,00,000 ரூபாய் கொடுக்க வேண்டிவரும். சிற்றூரில் ஏன் 100 நாள் வேலை? அங்கே ஏரி இருப்பதனால். ஏரியில் ஏன் கொசு? நகரத்துச் சாக்கடை அதில் விழுவதனால். வேலை நடந்த இடத்தைப் பார்த்துக் கணக்கு எழுதினால், அழுக்கு விட்டவன் தப்பித்துக்கொள்ள, அழுக்கு வந்து சேர்ந்தவன் தண்டம் கட்டுகிறான். அந்த 100 நாட்களில் 80 நாள் நகரத்து நீரினால் ஏற்பட்ட வேலையென்று இரு தரப்பு இன்ஸ்பெக்டர்களும் ஒப்புக்கொண்டு எழுதினால், நகரத்தின் பங்கு 4,20,000, இரண்டாவது ஊரின் பங்கு 1,20,000, சிற்றூரின் பங்கு 60,000 ரூபாய் என்று மாறிவிடும். செலவின் மொத்தம் ஒன்றே. காரணத்தைக் கேட்டதனால் பங்கு மாறிற்று. ஆளின் சம்பளம், யந்திரம் முதலிய நிலையான செலவை ஜனத்தொகைப்படியும், மருந்து முதலிய மாறும் செலவை நோயின் காரணம் எங்கே உள்ளதோ அதன்படியும் பங்கிடுவது நடைமுறைக்கு ஒத்ததாகத் தோன்றுகிறது. நூல் கொள்முதல், சாயச்சாலை, விற்பனை இவற்றின் செலவைப் பங்கிட்டுப் பழகிய நெசவாளர் சங்கங்களுக்கு இக்கணக்கு ஒன்றும் கடினமன்று. சாயமேற்றும் பட்டறைகளின் கழிவுநீரைப் பற்றியும் இதே கேள்வியை அச்சங்கங்கள் தங்களையே கேட்டுக்கொள்வது பொருத்தமாகும்.

அண்டை ஊர்களை நகரத்தோடு சேர்த்துவிட்டால் இத்தொல்லையெல்லாம் தீருமே என்று கூறுவோர் உளர். காஞ்சீபுரத்தில் 2011-ல் அவ்வாறே செய்யப்பட்டது. செவிலிமேடு பேரூராட்சியும் ஓரிக்கை, நத்தப்பேட்டை முதலிய ஊராட்சிகளும் நகரசபையோடு இணைந்தன. இதனால் கால்வாயின் தலையும் வாலும் ஒரே சபையின் கீழ் வந்தன. யார் பொறுப்பு என்ற வாதம் அம்மட்டில் ஒழிந்தது. எனினும் சேர்ப்பதும் பங்கிடுவதும் ஒன்றன்று. சேர்ந்த ஊர் தன் பஞ்சாயத்துத் தலைவரை இழக்கிறது, பெரிய சபையில் அதன் குரல் ஓரிரு அங்கத்தினர் குரலாகச் சுருங்குகிறது, வீட்டுவரி உயர்கிறது. மேலும் எல்லைக்கல்லை எவ்வளவு தூரம் தள்ளி நட்டாலும், அதற்கு அப்பால் வேறொரு கிராமம் இருந்தே தீரும். நத்தப்பேட்டை ஏரி நிறைந்தால் நீர் அங்கேயே நின்றுவிடப் போவதில்லை.

பிற தேசங்களிலும் இதே சங்கடம் ஏற்பட்டு, பலவிதமாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் தொற்றுநோயாளருக்குத் தனி வைத்தியசாலை ஒவ்வொரு சிற்றூரும் வைக்க முடியாதாகையால், பல ஊர்களைச் சேர்த்து ஒரு வைத்தியசாலை வட்டாரமாக அமைக்க 1893-ம் வருஷத்திய சட்டம் ஒன்று கவுண்டி சபைகளுக்கு அதிகாரம் அளித்தது. அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் ராஜ்யத்தில் 351 நகரங்களும் ஊர்களும் தனித்தனியே சுகாதார சபை வைத்துக்கொள்ளும் பழைய வழக்கமுடையவை. அவற்றுள் சிறியவை பல, ஒரே அதிகாரியையும் ஒரே தாதியையும் பொதுவாக அமர்த்திக்கொள்கின்றன. செல்வம் மிகுந்த தேசமே தனித்தனியே செய்ய இயலாதென்று கண்ட காரியத்தை, நம் பஞ்சாயத்துக்கள் தனித்தனியே செய்யவில்லையே என்று குறைகூறுவது பொருந்தாது. தமிழ்நாட்டிலும் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் வண்டி, அழைத்தவர் எந்த ஊராட்சியைச் சேர்ந்தவரென்று கேட்பதில்லை. காஞ்சீபுரத்தையடுத்த காரப்பேட்டையில் 1969-ல் ஏற்பட்ட புற்றுநோய் வைத்தியசாலையும் ஊர் எல்லை பார்ப்பதில்லை. சிகிச்சை விஷயத்தில் மறைந்துவிட்ட எல்லை, தடுப்பு விஷயத்தில் மட்டும் நிற்பது விந்தையே. 2020 மே மாதத்தில் சென்னைக் கோயம்பேடு சந்தையினின்று காய்கறியோடு கொரோனா தொற்றும் பல ஜில்லாக்களுக்குச் சென்றது எல்லோர் நினைவிலும் இருக்கும். சந்தை இருப்பது ஒரு மாநகராட்சியின் எல்லைக்குள். நோய் வந்தது கடலூர், விழுப்புரம், அரியலூர் கிராமங்களுக்கு.

கூட்டு ஏற்பாட்டில் சிறிய ஊர்களுக்கு ஓர் அச்சம் இருப்பது இயல்பு. பணத்தைக் கொடுத்துவிட்டு, வண்டியும் ஆளும் நகரத்திலேயே சுற்றிக்கொண்டிருக்க, கிராமத்துக்கு வராமற் போனால் என்ன செய்வது? இந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆகையால் உடன்படிக்கையில் எந்தக் கிழமை எந்த ஊரில் வேலை என்பது எழுதப்பட்டு, அந்த அட்டவணை பஞ்சாயத்து ஆபீசிலும் சங்கக் கட்டிடத்திலும் ஒட்டப்பட வேண்டும். கோஷ்டி வந்து சென்றதற்கு ஊரிலுள்ள ஒருவர் கையெழுத்திட வேண்டும். அவ்வொருவர் சங்கத்தின் காரியதரிசியாக இருப்பது சௌகரியம், ஏனெனில் அவர் தினந்தோறும் அங்கே இருப்பவர், கணக்கு எழுதத் தெரிந்தவர். கமிட்டியில் ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வாக்கு இருக்கட்டும். செலவு மட்டும் பங்கு விகிதப்படி இருக்கட்டும். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் அங்கத்தினருக்கு வாக்கு ஒன்றே என்பது ஐக்கிய சங்கங்களின் பழைய விதியல்லவா? விலக விரும்பும் ஊர் எத்தனை மாதம் முன்னதாக அறிவிக்க வேண்டும், பொதுப் பணத்தில் வாங்கிய புகை யந்திரம் அப்போது யாரைச் சேரும் என்பனவும் ஆரம்பத்திலேயே பேசி முடிக்கத்தக்கவை. சண்டை வந்தபின் பேசினால் யந்திரம் துருப்பிடிக்கும்.

தமிழ்நாட்டில் கிராம சபைக் கூட்டம் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேதிகளில் நடைபெற்று வருகிறது. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய தேதிகளும் சேர்க்கப்பட்டன. மார்ச் 22 உலகத் தண்ணீர் தினமாதலால், அடுத்த ஊரிலிருந்து வரும் நீரையும் அடுத்த ஊருக்குப் போகும் நீரையும் பற்றிப் பேச ஏற்ற நாள். அன்று தீர்மானம் கொண்டுவர விரும்பும் சங்க அங்கத்தினர், கால்வாய் அல்லது ஏரி எந்த இடத்தில் எந்த எல்லையைக் கடக்கிறது, கடந்த வருஷத்தில் எந்தத் தெருவில் எத்தனை பேர் காய்ச்சலுற்றனர் என்ற இரண்டையும் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டு செல்வது நலம். தீர்மானத்தின் பிரதியைத் தங்கள் ஒன்றியத்துக்கு மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாலுள்ள சபைக்கும் அனுப்ப வேண்டும்.